100 வாட் பல்பில் 38 ஓம்: மீட்டர் தப்பா, கணக்கு தப்பா?

கேட்டவர் டிப்ளமோ முதல் வருடம் படிப்பதாகச் சொல்கிறார். அவர் கேட்டதைச் சுருக்கினால் இது. வீட்டில் இருந்த 100 வாட் குண்டு பல்புக்குக் கணக்குப் போட்டால் 529 ஓம் வருகிறது. மல்டிமீட்டரில் வைத்தால் 38 ஓம் காட்டுகிறது. 1000 வாட் அயர்ன் பாக்ஸுக்குக் கணக்கில் 53, மீட்டரில் 51. அது ஒத்துப்போகிறது. 1 ஹெச்.பி. தண்ணீர் மோட்டாரின் பிளக்கில் மீட்டர் 4 ஓம் காட்டுகிறது. அப்படியானால் 57 ஆம்பியர் இழுக்க வேண்டும், ஆனால் கிளாம்ப் மீட்டரில் 6.2தான் வருகிறது. ஓம் விதி சில பொருளுக்கு மட்டும்தானா என்று கேட்டு, கூடவே போகிற போக்கில் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார்: கீசர் போட்டால் பிளக் சுடுகிறது, அதையும் இந்தக் கணக்கில் பிடிக்க முடியுமா?

சூத்திரம் அவருக்குத் தெரியும். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட். இரண்டையும் சேர்த்தால் வோல்டேஜின் வர்க்கத்தை வாட்டால் வகுக்க ஓம் வரும். ஒரே பொருளுக்கு இரண்டு வழியில் இரண்டு ஓம் வருகிறதே, எதை நம்புவது என்பதுதான் அவர் குழப்பம். நான் ஒரு நூல் மில்லில் மின் பராமரிப்பில் பன்னிரண்டு வருடம் இருந்தவன். அப்புறம் சொந்தமாக மோட்டார் காயில் கட்டும் பட்டறை. எனவே இது பட்டறைக்காரன் பதில். மீட்டரும் தப்பில்லை, கணக்கும் தப்பில்லை. இரண்டும் வேறு வேறு நேரத்து ஓமைச் சொல்கின்றன. மோட்டாரில் வேறு வேறு விஷயத்தையே சொல்கின்றன.

முதலில் ஒரு பிரிவினை. ஒரு பொருளின் இரண்டு முனையில் எத்தனை வோல்ட், அதன் வழியே எத்தனை ஆம்பியர், இது இரண்டும் தெரிந்தால் வகுத்து ஒரு எண்ணை எப்போதும் எடுத்துவிடலாம். அந்த வகுத்தலுக்கு விதி எதுவும் வேண்டாம். ஓம் சொன்ன விதி வேறு: வெப்பநிலை மாறாத உலோகக் கம்பியில் வோல்டேஜைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த எண் மாறாமல் நிற்கும் என்பது. 1827இல் அவர் அதைப் புத்தகமாகப் போட்டார். அதற்கு முன் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதே சோதனைகளைச் செய்துவிட்டார். அக்காலத்து பேட்டரியில் வோல்டேஜ் நிலையாக நிற்காது. அதனால் செம்பும் பிஸ்மத்தும் சேர்த்த வெப்ப இணையை எடுத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான வோல்டேஜை உண்டாக்கிக்கொண்டார். சின்ன கரண்ட், கம்பி சூடாகாது. பாடப்புத்தகத்தில் 'வெப்பநிலை மாறாதபோது' என்று ஒரு வால் ஒட்டியிருக்கும், பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு விட்டுவிடுவோம். உங்கள் பல்பு விஷயம் முழுக்க அந்த வாலில்தான் இருக்கிறது.

மல்டிமீட்டர் ஓம் அளக்கும்போது உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரியிலிருந்து மிகச் சின்ன கரண்டை அனுப்பிப் பார்க்கிறது. அதில் பல்பு எரியாது, இழை அறைச் சூட்டிலேயே இருக்கும். அந்த இழையின் மின்தடை 38 ஓம், இது உண்மை. 230 வோல்ட் கொடுத்து எரியவிட்டால் டங்ஸ்டன் இழை ஏறக்குறைய 2,500 டிகிரி செல்சியஸுக்குப் போகிறது. சூடாக ஆக டங்ஸ்டனின் மின்தடை ஏறும். அந்தச் சூட்டில் குளிர்ந்த நிலையைப் போலப் பதிமூன்று, பதினான்கு மடங்கு ஆகிவிடும். 38ஐப் பதினான்கால் பெருக்கிப் பாருங்கள், 532. உங்கள் கணக்கு 529. இதைவிடப் பொருத்தமாக வராது.

38 ஓமை வைத்துப் போட்டால் 1400 வாட் வருகிறதே என்று சிரிப்புக்குறி போட்டிருக்கிறீர்கள். ஸ்விட்சைத் தட்டிய முதல் கணத்தில் பல்பு அப்படித்தான் இழுக்கிறது. 6 ஆம்பியருக்கு மேல் ஒரு கண்ணிமைப்பு. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் இழை சூடாகிக் கரண்ட் அரை ஆம்பியருக்குக் கீழே இறங்கிவிடும். குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிட, ஸ்விட்ச் போடும்போது 'டப்' என்று போவதை நம் வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காரணம் அந்த முதல் கணம்தான்.

எங்கள் தொழிலில் இந்தக் குணமே ஒரு கருவி. கடைகளில் குண்டு பல்பு அபூர்வமாகிவிட்ட பிறகும் எந்தக் காயில் பட்டறைக்குப் போனாலும் ஒரு பலகையில் 100 வாட்டோ 200 வாட்டோ தொங்கும். சீரியஸ் லேம்ப் என்போம். புதிதாகக் கட்டிய மோட்டாரை நேராகக் கரண்டில் போடாமல் பல்பு வழியாகப் போட்டுப் பார்ப்போம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து, சூடாகி, தன் மின்தடையை ஏற்றிக்கொண்டு ஒரு ஆம்பியருக்கு மேல் விடாது; மோட்டாரும் பிழைக்கும், ஃப்யூஸும் பிழைக்கும். ஷார்ட் இல்லையென்றால் மங்கலாகச் சிவக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்தே சொல்லிவிடும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள்.

சரி, அயர்ன் பாக்ஸ் மட்டும் ஏன் ஒத்துப்போனது? அதில் இருப்பது நிக்ரோம், நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பி. அது செந்தணலாகக் காய்ந்தாலும் மின்தடை சில சதவீதம்தான் ஏறும். வெப்பச் சாதனத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்ததே காய்ந்தாலும் கருகாது, குணமும் மாறாது என்பதால். கீசர், எமர்ஷன் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் மூன்றுக்கும் உங்கள் சூத்திரம் அப்படியே பொருந்தும். ஆனால் 51க்கும் 53க்கும் இடையிலான அந்த 2 ஓமில் அர்த்தம் தேட வேண்டாம். வெப்பச் சாதனங்களில் எழுதியிருக்கும் வாட்டுக்கு மேலே 5 சதவீதம், கீழே 10 சதவீதம் வரை தரவிதியே விட்டுக்கொடுக்கிறது. பெட்டியில் '220-240 வோல்ட், 1000 வாட்' என்று போட்டிருந்தால் எந்த வோல்ட்டுக்கு அந்த ஆயிரம் என்பதே தெரியாது. 220க்கு என்றால் 48 ஓம், 240க்கு என்றால் 58 ஓம். இதற்குள் எது வந்தாலும் பெட்டி நன்றாக இருக்கிறது என்று பொருள். மீட்டர் எண் ஓடிக்கொண்டே இருந்தாலோ '1' என்று நின்றாலோ காயில் போய்விட்டது, அல்லது தெர்மோஸ்டாட் திறந்திருக்கிறது. குமிழை முழுக்கத் திருப்பிவிட்டு ஒரு முறை பாருங்கள்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் கூடும்' என்று எலக்ட்ரீஷியன்கள் அடித்துச் சொல்வார்கள். கீசரில் அது நடக்காது. 2000 வாட் கீசரின் காயில் 26.5 ஓம். 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர், 200 வோல்ட்டாக இறங்கினால் 7.5 ஆம்பியர், 1500 வாட். வோல்டேஜ் 13 சதவீதம் குறைய, சூடு கால் பங்கு குறைகிறது. குளிக்கத் தண்ணீர் தாமதமாகக் காய்வதற்கு இதுதான் காரணம், கீசரில் கோளாறு எதுவும் இல்லை. லோடில் ஓடும் மோட்டாருக்கும், இன்வெர்ட்டர் ஏசி, கம்ப்யூட்டர் போன்றவற்றுக்கும் அவர்கள் சொல்வது சரி. அவை தமக்கு வேண்டிய வாட்டை எப்படியாவது இழுத்துக்கொள்ளப் பார்க்கும், வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டும். மோட்டாரில் கற்றுக்கொண்டதை எல்லாவற்றுக்கும் பொருத்திவிடுவதால் வந்த வழக்கு அது.

இப்போது மோட்டார். இதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். மீட்டர் காட்டிய 4 ஓம் செம்புக் கம்பியின் மின்தடை மட்டும். மீட்டர் அனுப்புவது நேர்மின்சாரம். உங்கள் வீட்டில் வருவது நொடிக்கு 50 முறை சுழலும் மாறுமின்சாரம். காயிலில் கரண்ட் மாறும்போதெல்லாம் காந்தப்புலம் மாறி, வருகிற வோல்டேஜுக்கு எதிராக ஒரு வோல்டேஜை அந்தக் காயிலிலேயே உண்டாக்குகிறது. 230இல் பெரும்பகுதியைச் சமாளிப்பது அந்த எதிர் வோல்டேஜ்தான். செம்பின் பங்குக்கு விழுவது கொஞ்சம். எனவே 230ஐ 4ஆல் வகுப்பதில் அர்த்தமில்லை. 230ஐ 6.2ஆல் வகுத்து 37 ஓம் என்று சொன்னால், அது இம்பீடன்ஸ் என்கிற மொத்தத் தடுப்பு; மின்தடை அதில் ஒரு பகுதி. ரோட்டர், அதாவது உள்ளே சுற்றும் பகுதி, இறுகி நின்றுவிட்டால் இந்த எதிர்ப்பு வெகுவாகக் குறைந்து கரண்ட் ஐந்தாறு மடங்கு ஏறும். மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியபடி சுற்றாமல் நின்றால் உடனே நிறுத்தச் சொல்வது அதனால்தான்.

அதேபோல 230ஐ 6.2ஆல் பெருக்கினால் வரும் 1426ஐயும் வாட் என்று எழுதக் கூடாது. அது வோல்ட்-ஆம்பியர். மோட்டாரில் கரண்ட் வோல்டேஜுக்குப் பின்தங்கி வருவதால் ஒரு பகுதி காந்தத்துக்குப் போய்த் திரும்பி வருகிறது, செலவாவது மீதிதான். பழைய பட்டி சோக் போட்ட 40 வாட் டியூப்லைட்டைப் பாருங்கள். அது 0.43 ஆம்பியர் இழுக்கும், பெருக்கினால் 99. உண்மையில் சோக்கின் சூட்டையும் சேர்த்து 50, 55 வாட்தான் செலவு. இந்த விகிதத்தைத்தான் பவர் ஃபேக்டர் என்கிறோம். வோல்டேஜும் கரண்டும் மட்டும் தெரிந்தால் ஹீட்டருக்கு வாட் சொல்லிவிடலாம். மோட்டாருக்குச் சொல்ல முடியாது. மூன்றாவதாக ஒரு தகவல் வேண்டும்.

அந்த மூன்றாவது தகவல் உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மின்வாரிய டிஜிட்டல் மீட்டரின் முகத்தில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 3200, 1600 என்று மீட்டருக்கு மீட்டர் மாறும். 3200 என்றால் ஒரு சிமிட்டலுக்கு 1125 ஜூல். வீட்டில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டி, பத்துச் சிமிட்டலுக்கு எத்தனை நொடி என்று செல்போனில் பாருங்கள். முதல் சிமிட்டலை 'பூஜ்யம்' என்று எண்ணத் தொடங்க வேண்டும், ஒன்று என்று தொடங்கினால் ஒன்பதுதான் அளப்பீர்கள். 10.2 நொடி ஆனால் 11250ஐ 10.2ஆல் வகுக்க 1103 வாட். அதை 1426ஆல் வகுத்தால் 0.77, அதுதான் பவர் ஃபேக்டர். இந்த 10.2 நான் உதாரணத்துக்குப் போட்டது. உங்கள் மோட்டாருக்கு நீங்களே எடுக்க வேண்டும். வீட்டு பில் ஏறுவது அந்த 1103 கணக்கில்தான், 1426இல் இல்லை.

அப்படியானால் அந்த 4 ஓமால் பயனே இல்லையா? எனக்கு அதுதான் சோறு. கரண்டின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் கம்பியில் வீணாகும் சூடு; இதை ஜூல் 1841இலேயே எழுதிவிட்டார். 6.2ஐ இருமுறை பெருக்கி 4ஆல் பெருக்க 154 வாட். மோட்டார் இழுக்கும் 1100இல் சுமார் 150 காயிலைக் காய்ச்சவே போகிறது. கண்டென்சர் எப்போதும் லைனில் இருக்கும் மோட்டாரானால் 6.2 ஆம்பியர் ரன்னிங், ஸ்டார்ட்டிங் என்ற இரண்டு காயிலுக்கும் சேர்ந்த கரண்ட். நீங்கள் பிளக்கில் அளந்த 4 ஓமோ ரன்னிங் காயிலுக்கு மட்டும் உரியது, கண்டென்சர் நேர்மின்சாரத்தை விடாது. ஆகவே 154ஐ ஒரு சுமாரான எண்ணாக மட்டும் வையுங்கள்.

இன்னொரு பயன், இதைக் கல்லூரியில் செய்து காட்டுகிறார்களோ என்னவோ. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் அளவுக்கு ஏறும், அதுவும் நேர்கோட்டில். எனவே காயிலே தெர்மாமீட்டர். காலையில் 30 டிகிரியில் 4.0 ஓம் இருந்தது, ஒரு மணி நேரம் ஓடி நிறுத்தியதும் 4.9 ஓம் என்றால், 4.9ஐ 4ஆல் வகுத்து 265ஆல் (செம்புக்கு உரிய மாறா எண் 235 கூட்டல் 30) பெருக்கி 235ஐக் கழியுங்கள். 90 டிகிரி வரும். மோட்டாரின் உடம்பைத் தொட்டால் கை பொறுக்கும் சூடாகத்தான் இருக்கும், உள்ளே 90. பி வகை இன்சுலேஷன் 130 வரை தாங்கும், எஃப் வகை 155 வரை. மெயினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சரை டிஸ்சார்ஜ் செய்த பிறகே மீட்டரை வைக்க வேண்டும். அதே சமயம் ஆறவிடாமல் சீக்கிரம் அளக்கவும் வேண்டும்.

எல்இடி பல்பில் ஓம் அளக்க வேண்டாம். உள்ளே டயோடும் கண்டென்சரும் இருப்பதால் மீட்டர் ஒன்று காட்டும், மீட்டர் கம்பியை மாற்றி வைத்தால் வேறொன்று காட்டும்.

உங்கள் அளவுகளில் எதை எவ்வளவு நம்பலாம் என்று பார்த்தால், 51உம் 38உம் சரியாகவே இருக்கும். 4 ஓமில் கொஞ்சம் சந்தேகம், ஏனென்றால் மீட்டரின் இரண்டு கம்பிக்கே 0.2 முதல் 0.5 ஓம் வரை உண்டு. இரண்டு முனையையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்து என்ன காட்டுகிறது என்று பார்த்து அதைக் கழியுங்கள். கிளாம்ப் மீட்டரில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம் வரும்; உங்களுக்கு 6.2 வந்திருப்பதால் ஒற்றைக் கம்பியைத்தான் கவ்வியிருக்கிறீர்கள். ஃபேன், பல்பு போன்ற சின்ன லோடுக்கு மலிவு கிளாம்ப் மீட்டர் தடுமாறும். அந்த ஒற்றைக் கம்பியைக் கவ்வியில் பத்துச் சுற்றுச் சுற்றி, வரும் எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, சுடும் பிளக். இதை நீங்கள் ஒரு வரியில் கேட்டுவிட்டீர்கள், எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். பிளக்கின் பித்தளைக் காலும் சாக்கெட்டின் இதழும் இறுக்கமாகத் தொட்டால் அங்கே மின்தடை மில்லி ஓம் கணக்கில்தான் இருக்கும். இதழ் தளர்ந்து, கறுத்து 0.3 ஓம் ஆனது என்று வைப்போம். கீசரின் 8.7 ஆம்பியர் அதன் வழியே போனால் 8.7 வர்க்கம் பெருக்கல் 0.3, ஏறக்குறைய 23 வாட். சின்ன எண் என்று தோன்றும். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைப் பிளக்குக்குள் சொருகி வைத்த மாதிரி. ஒரு கல்யாண மண்டபத்தில் விடிகாலை கீசரை எல்லாம் ஒன்றாகப் போட்டதும் கருகின வாடை வருகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். பிளக்கை இழுத்தால் சாக்கெட்டின் முகமும் சேர்ந்து வந்தது, எம்.சி.பி. விழவே இல்லை. விழாது. கரண்ட் ஏறினால்தானே அது விழும்? இங்கே மின்தடை கூடியிருக்கிறது, கரண்ட் ஒரு துளி குறைந்துதான் இருக்கும்.

இந்த 0.3 ஓமை மல்டிமீட்டரின் ஓம் பக்கத்தில் பிடிக்கப் பார்த்தால் மீட்டர் கம்பியின் 0.3இல் கலந்துவிடும். வோல்டேஜையும் கரண்டையும் வகுக்கும் உங்கள் பழைய கணக்குதான் இங்கே வேலைக்கு ஆகும். கீசருக்குப் பக்கத்துச் சாக்கெட்டில், அதே ஒயரிலிருந்து வருவதில், கீசர் அணைந்திருக்கும்போது வோல்ட் பாருங்கள், போட்டதும் பாருங்கள். 232 இருந்தது 226 ஆனால் 6 வோல்ட் விழுந்திருக்கிறது, 8.7ஆல் வகுத்தால் 0.7 ஓம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து அந்தச் சாக்கெட் வரை வழியில் இருக்கும் மொத்தத் தடை அது, 6ஐ 8.7ஆல் பெருக்கினால் 52 வாட் வழியிலேயே வீணாகிறது. ஊர் வோல்டேஜே மேலும் கீழும் ஆடும் என்பதால் ஒரு முறை பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஐந்தாறு முறை போட்டு அணைத்து, ஒவ்வொரு முறையும் அதே அளவு விழுகிறதா என்று பாருங்கள்.

ஒயர் மட்டும் எவ்வளவு எடுக்கும் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒரு மீட்டர் நீளத்துக்கு 7.5 மில்லி ஓம் அளவில் இருக்கும். போர்டிலிருந்து சாக்கெட் 15 மீட்டர் என்றால் போக வர 30 மீட்டர், 0.22 ஓம். யாராவது கீசருக்கு 1 சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்து வைத்திருந்தால் 0.55 ஓம் ஒயரிலேயே வந்துவிடும். அதே சோதனையை மெயின் போர்டிலும் செய்யுங்கள், அங்கே பழக்கமான எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இருக்கட்டும். போர்டிலேயே 4 வோல்ட் விழுந்தால் சர்வீஸ் ஒயரைப் பார்க்க வேண்டும். போர்டில் 1 வோல்ட் விழுந்து பக்கத்துச் சாக்கெட்டில் 6 விழுந்தால், கோளாறு உங்கள் வீட்டுச் சுவருக்குள். இரண்டு இடத்திலும் பெரிதாக விழவில்லை, ஆனாலும் பிளக் சுடுகிறது என்றால் மிச்சம் இருப்பது அந்தச் சாக்கெட்டின் இதழ்தான். அதை நெம்பி இறுக்கப் பார்க்காதீர்கள். 16 ஆம்பியர் சாக்கெட்டும் பிளக் டாப்பும் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கறுத்துப்போன பழையது புதியதையும் கெடுத்துவிடும்.